பழனிக்கு நடந்த பிள்ளை மணப்பாறைக்கு ஏன் தயங்கினான்?

"டாக்டருங்க, இவனை என்னான்னு நீங்கதான் கேக்கோணும். போன வருஷம் எங்ககூட எடப்பாடியிலிருந்து பழனி வரைக்கும் நடந்தே வந்த பையன். வெறுந்தரையில படுத்தான், மலை மேல படுத்தான். ஒரு வார்த்தை சிணுங்கலீங்க. இப்பப் பள்ளிக்கூடத்துல சாரணர் முகாமுக்குப் பேர் எழுதறாங்க, 'நான் போகல'ங்கறான். ஏன்டான்னா வாயைத் தொறக்க மாட்டேங்கறான். பசி இல்லைங்கறான், வயித்து வலிங்கறான். ஏதாச்சும் மருந்து குடுங்க!"

2024 டிசம்பரில் ஒரு காலை வேளை. வந்தவர் நாலு விசைத்தறி வைத்து நடத்துகிறவர். கூடவே பன்னிரண்டு வயது மகன், ஏழாம் வகுப்பு. முகாம் என்றால் சாதாரண முகாம் இல்லை. பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைரவிழா ஜாம்போரி. 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில், பல மாநிலங்களிலிருந்து பல்லாயிரம் பிள்ளைகள் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறார்கள். அதில் இடம் கிடைக்காதா என்று ஏங்குகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். கிடைத்த இடத்தை இவன் வேண்டாம் என்கிறான்.

வெளியூர் வாசகர்களுக்குப் பழனி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியிலிருந்து காவடிக் கூட்டம் குடும்பம் குடும்பமாகப் பழனிக்கு நடந்து போகும். பழனி மலைக்கோயிலில் இரவு தங்க மற்றவர்களுக்கு அனுமதி கிடையாது. எடப்பாடி பருவதராஜகுலக் காவடிக் குழுவினருக்கு மட்டும் ஓர் இரவு தங்கிக்கொள்ளும் உரிமை வழிவழியாக இருக்கிறது. டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து கொண்டுவருவார்கள். அந்தக் கூட்டத்தோடு போய் வந்த பிள்ளை ஏழு நாள் முகாமுக்குப் பின்வாங்கினால் அப்பாவுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

நாடி பார்த்தேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். இடது அடிவயிற்றில் கெட்டிப்பட்ட மலம் கைக்குத் தட்டுப்பட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு, அப்பாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன். "ஏன் போகல?" என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் வீட்டில் எல்லோரும் கேட்டாகிவிட்டதே!

"ஏங்கண்ணு, பழனிக்குப் போறப்ப ராத்திரி யார் பக்கத்துல படுத்தே?"

"அம்மா பக்கத்துலங்க."

"நடுவுல எந்திரிப்பியா?"

"அம்மா எழுப்பி உடுவாங்க."

"எதுக்கு?"

பதில் இல்லை. கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டே நின்றான்.

விஷயம் புரிந்துவிட்டது. பையன் இன்னமும் சில இரவுகளில் பாயை நனைக்கிறான். அம்மாவுக்குத் தெரியும். இரவுச் சுற்றுத் தறிக்குப் போய்விடுகிற அப்பாவுக்குத் தெரியாது. மணப்பாறைக் கூடாரத்தில் பக்கத்தில் படுக்கப் போவது அம்மா அல்ல, வகுப்புத் தோழர்கள். (பையனிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டு, அடையாளங்களைச் சற்று மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.)

'மாட்டேன்' ஓர் அறிகுறி

காய்ச்சல் என்று ஒருவர் வந்தால் காய்ச்சலோடு சண்டை போடுவதில்லை. காய்ச்சல் எதனால் என்று தேடுகிறோம். பிள்ளையின் 'போகமாட்டேன்' என்கிற சொல்லையும் அப்படித்தான் பார்க்கவேண்டும். சாரணர் முகாமோ, பள்ளி நாட்டு நலப்பணித் திட்ட முகாமோ, என்.சி.சி. முகாமோ, ஏற்காட்டில் கோடை முகாமோ, வீட்டை விட்டுத் தனியே படுக்கிற முதல் இரவு எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பெரிய விஷயம். போவதா வேண்டாமா என்று பிள்ளை முடிவு செய்யட்டும். ஆனால் முடிவைக் கேட்பதற்கு முன்னால், அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று நாம் தெரிந்துகொண்டாக வேண்டும்.

என் அனுபவத்தில் ஒளிந்திருந்தவை பலவிதம். ஆஸ்துமா உள்ள ஒரு பெண்ணுக்கு, இன்ஹேலரை டீச்சர் வாங்கி வைத்துக்கொள்வாரோ என்ற பயம். ஒருவனுக்கு நாலு பேர் முன்னால் சட்டையைக் கழற்றிக் குளிக்கக் கூச்சம். இன்னொருவன் சொன்னதை இன்றுவரை மறக்க முடியவில்லை. "நான் ஊட்ல இல்லைன்னா அப்பா அம்மாவை அடிப்பாருங்க." இதற்கு என்னிடம் சூரணம் இல்லை. அவன் அப்பாவைத்தான் வரச் சொன்னேன்.

'பயந்தாங்கொள்ளி', 'பொட்டப்புள்ள மாதிரி' என்றெல்லாம் சொல்லித் தயங்குகிற பிள்ளையைக் கிளப்பிவிடலாம் என்று சில அப்பாக்கள் நினைக்கிறார்கள். அதனால் பிள்ளை கிளம்புவானே தவிர, காரணம் உள்ளேயே புதைந்துவிடும். அது முகாமில், இரண்டு மணி இருட்டில், வெளியே வரும்.

வீட்டு ஏக்கம் ஒரு நோயா?

ஒரு காலத்தில் நோய் என்றுதான் எழுதினார்கள். 1688-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் யோகான்னஸ் ஹோஃபர் என்கிற மருத்துவ மாணவர் இதை ஆராய்ந்து, 'நாஸ்டால்ஜியா' என்று புதுப் பெயரே சூட்டினார். ஊரை விட்டுப் போனவர்கள் சாப்பிடாமல் தூங்காமல் இளைத்துப் போவதையும், ஊர் திரும்பியதும் தேறுவதையும் பார்த்து எழுதியது அது.

இன்றைக்கு அதை நோய் என்று சொல்வதில்லை. வீட்டை விட்டுப் போகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது ஏக்கம் வரும். முதல் ஓரிரு நாள் அதிகம், பிறகு தானே தணியும். வயிற்று வலி, தலைவலி, பசியின்மை என்று உடம்பு வழியாகவும் அது பேசும். அது நடிப்பு கிடையாது. நிஜமாகவே வலிக்கும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2007-ல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. நம் வீட்டுக்கும் பொருந்துகிற மூன்று விஷயங்கள் அதில் உண்டு. போகிற முடிவில் பிள்ளைக்கும் பங்கு இருக்கவேண்டும். பெரிய முகாமுக்கு முன்னால் ஓரிரு இரவு வெளியில் தங்கிப் பழக்கவேண்டும். மூன்றாவதுதான் நம் அம்மாக்களுக்குக் கஷ்டம். "புடிக்கலைன்னா ஒரு போன் போடு சாமி, அப்பா வந்து கூட்டிட்டு வந்துருவாரு" என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'உன்னால் முடியாது என்று எனக்கே தெரியும்' என்பதுதான் பிள்ளையின் காதில் விழுகிறது. முதல் நாள் ஏக்கம் வந்ததுமே கை போனைத் தேடும்.

(சில வீடுகளில் ஏக்கம் அம்மாவுக்குத்தான். பிள்ளை பையைக் கட்டிவிட்டு நிற்க, அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றால் அவன் எப்படிப் போவான்?)

பாய் நனைவதைப் பற்றி

இனி, நம் பையன் விஷயம். இதை யாரும் வெளியே பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேர் இரவில் படுக்கையை நனைப்பவர்கள். பத்து வயதில் நூற்றுக்கு ஐந்து பேர். மருந்தே இல்லாமல்கூட ஒவ்வோர் ஆண்டும் ஏழில் ஒரு பங்குப் பிள்ளைகள் தானாகச் சரியாகிவிடுகிறார்கள். சோம்பேறித்தனம், திமிர், பயம் இவையெல்லாம் காரணமே இல்லை. இரவில் சிறுநீரைக் குறைக்கிற சுரப்பு சிலருக்கு மெதுவாகத்தான் ஒழுங்குக்கு வருகிறது. பை நிறைந்த செய்தி ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கிற மூளையை எழுப்புவதில்லை. பரம்பரையும் உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம். இருவருக்கும் இருந்திருந்தால் 70 சதவீதத்துக்கும் மேல்.

இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஆறாவது படிக்கற வரைக்கும் இருந்துச்சுங்க. எங்கப்பாரு சூடு வெச்சாரு" என்றார். அந்தத் தழும்பை முழங்காலுக்குக் கீழே காட்டினார். பையன் அதைப் பார்த்தான். அன்றைக்கு நான் கொடுத்த எந்த மருந்தையும்விட அது வேலை செய்தது என்பது என் எண்ணம். சூடு வைப்பது, நனைந்த பாயைத் தெருவில் காயப்போட்டு அவமானப்படுத்துவது, தம்பி தங்கை முன்னால் சொல்லிக் காட்டுவது எதுவும் வேண்டாம். இவற்றால் ஒரு துளிகூடக் குறையாது.

வயிற்றில் தட்டுப்பட்ட மலம் எதற்கு முக்கியம்? மலக்குடலும் சிறுநீர்ப்பையும் அக்கம்பக்கத்து வீடு. மலம் தேங்கி வீங்கினால் பையை நெருக்கும். பை கொஞ்சம் நிறைந்ததுமே வழிந்துவிடும். எங்கள் சித்த மருத்துவத்தில் மலம், நீர் இரண்டையும் கீழ் நோக்கித் தள்ளுவது அபானன் என்கிற ஒரே வாயுதான். ஒன்று தடைப்பட்டால் மற்றதும் கெடும். அடக்கக்கூடாத பதினான்கு வேகங்கள் என்று ஒரு பட்டியலே உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், கண்ணீர் எல்லாம் அதில் வரும். சிறுநீரும் மலமும் அதில் முக்கியமானவை. நம் பிள்ளைகள் பள்ளிக் கழிப்பறை நாற்றத்துக்குப் பயந்து காலையிலிருந்து மாலை வரை இரண்டையும் அடக்குகிறார்கள். முகாமிலும் இதைத்தான் செய்வார்கள். கண்ணீரும் அடக்கக்கூடாத வேகம்தான் என்பதை அப்பாக்கள் கவனிக்கவேண்டும்!

உடனே மருத்துவரிடம் காட்டவேண்டிய நிலைகளும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைத்தால், கூடவே தாகம் அதிகமாகி உடம்பு இளைத்தால், அன்றைக்கே இரத்தச் சர்க்கரை பார்க்கவேண்டும். குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய் இப்படித்தான் தலைகாட்டும். ஒரு நாள் தாமதமும் ஆபத்து. நீர் கடுத்துப் போனாலும், பகலிலும் கசிந்தாலும், இரவில் பலத்த குறட்டை விட்டாலும் காட்டிவிடுங்கள்.

நாங்கள் செய்த ஏற்பாடு

பெயர் கொடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. "நீ இப்பவே முடிவு சொல்ல வேண்டாம், சனி ஞாயிறு ரெண்டு ராத்திரி பூலாம்பட்டியில அம்மாயி ஊட்ல படுத்துட்டு வா, அப்புறம் சொல்லு" என்றேன். அம்மா கூடப் போகக்கூடாது. அதுதான் ஒத்திகை.

மலச்சிக்கலுக்குப் பேதி மருந்து கொடுக்கவில்லை. இரவு ஊறவைத்த உலர்திராட்சை, கொய்யா, கீரை, தட்டில் காய் கூடுதலாக. காலையில் அவசரமில்லாமல் பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரவேண்டும். தண்ணீரைப் பகலிலேயே நிறையக் குடிக்கவேண்டும். பள்ளிக்குக் கொண்டுபோகும் பாட்டில் காலியாகித் திரும்பவேண்டும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து குறைத்துக்கொள்ளலாம். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி, கோலா கிடையாது. படுக்கப் போகுமுன் ஒரு முறை, படுக்கையைத் தட்டிப் போட்டுவிட்டு இன்னொரு முறை நீர் கழிக்கவேண்டும்.

"எள்ளுருண்டை கொடுத்தா நிக்குமாமே?" என்று அம்மா கேட்டார். நாட்டு வழக்கில் அப்படிச் சொல்வார்கள். கொங்கணாபுரம் ஏலத்தில் எள் மூட்டை மூட்டையாக இறங்குகிற ஊர்ப்பக்கம் நம்முடையது. தாராளமாகக் கொடுங்கள், பிள்ளைக்கு நல்ல தீனி. ஆனால் எள்ளுருண்டையை நம்பி மணப்பாறைக்குப் படுக்கை விரிப்பு ஒன்றே ஒன்று கட்டிக் கொடுக்காதீர்கள்! அலோபதியில் டெஸ்மோபிரசின் என்று ஒரு மருந்து உண்டு. முகாம் போன்ற சில இரவுகளுக்காகவும் தருவார்கள். குழந்தை நல மருத்துவர் பார்த்துத்தான் தரவேண்டும். முன்கூட்டியே வீட்டில் கொடுத்துப் பார்க்கவேண்டும். அதைச் சாப்பிட்ட இரவில் தண்ணீரை மிகவும் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் இரத்தத்தில் உப்புக் குறைந்து வலிப்பே வரலாம். இந்தப் பையனுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்படுகிற பிள்ளையைச் சித்த வைத்தியன் நான் தடுக்கவும் மாட்டேன்.

பூலாம்பட்டியில் முதல் இரவு நனையவில்லை. இரண்டாம் இரவு நனைந்தது. அம்மாயி ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். விடியற்காலையில் போர்வையைக் காவிரிக்கு எடுத்துப்போய் அலசிக்கொண்டு வந்து, பணியாரம் ஊற்றிக் கொடுத்தாராம். திங்கட்கிழமை பையன் தனியாகவே வந்தான். "போறேனுங்க சார். ஆனா ஸ்கவுட் சார்கிட்ட நீங்க சொல்லீருங்க."

அந்த ஆசிரியரிடம் சொன்னேன். மனிதர் சிரித்துவிட்டு, "வருஷத்துக்கு ஒருத்தனாச்சும் இருப்பான் சார்" என்றார். இரவு பதினொன்றரைக்கு ஒரு சுற்று வரும்போது இவனைத் தட்டி எழுப்புவது, கூடாரத்தின் வாசல் பக்கம் படுக்கவைப்பது என்று ஏற்பாடு. பையில் கறுப்புக் கால்சட்டை மூன்று, அடர்நிறப் போர்வை இரண்டு, ஈரத்துணி போட வாய் கட்டும் பிளாஸ்டிக் பை ஒன்று, சின்ன டார்ச். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கொசுவுக்குத் தடவும் களிம்பு. (நிலவேம்புக் குடிநீர் குடித்தால் கொசு கிட்டே வராது என்று ஒரு தாய் சொன்னார். அந்தச் சேதி கொசுவுக்குத் தெரியாது.)

பையன் கடைசியாக ஒன்று கேட்டான். "என்னைய மாதிரி வேற யாராச்சும் வருவாங்களாங்க?" கணக்குப் போட்டுக் காட்டினேன். உன் வயதில் நூற்றுக்கு இரண்டு பேர் என்றே வை. பத்தாயிரம் பேர் வந்தால் எத்தனை? "இருநூறு" என்றான். முகம் தெளிந்துவிட்டது.

எப்போது அனுப்பக்கூடாது?

தயக்கத்துக்குக் காரணம் ஒரு மனிதராக இருந்தால் வற்புறுத்தாதீர்கள். "அந்த சார்கூடப் போகமாட்டேன்", "அந்த அண்ணன் வர்றாருன்னா வேண்டாம்" என்று பிள்ளை சொன்னால், அதற்கு மருந்தும் ஒத்திகையும் கிடையாது. உட்கார்ந்து கேளுங்கள். நம்புங்கள்.

2024 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், என்.சி.சி. முகாம் என்ற பெயரில் மாணவிகளைப் பள்ளியிலேயே தங்கவைத்தார்கள். அது போலி முகாம், என்.சி.சி.க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். நடந்ததை மறைத்ததாகப் பள்ளித் தரப்பினரும் கைதானார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு பல தாய்மார்கள், "பொண்ணை எந்தக் கேம்ப்புக்கும் அனுப்பறதில்லை" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் போகத் துடிக்கிற பெண்ணை அடைத்து வைப்பதைவிட, விசாரித்து அனுப்பலாம். முகாமை நடத்துவது யார்? அந்த அமைப்பின் எழுத்துபூர்வ அனுமதி எங்கே? மாவட்ட அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், பள்ளி காட்டும் காகிதத்தோடு நின்றுவிடாதீர்கள். இரவில் மாணவிகளோடு தங்கும் பெண் ஆசிரியர்கள் யார் யார்? கழிப்பறைக்கு எவ்வளவு தூரம் நடக்கவேண்டும், அங்கே விளக்கு உண்டா? கேட்டால் முகம் சுளிக்கிற இடத்துக்கு அனுப்பவேண்டாம்.

பத்து வயதைத் தாண்டிய பெண்ணானால் இன்னும் பூப்படையாவிட்டாலும் நாப்கின் கொடுத்து, உபயோகிக்கவும் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். முகாமில் வந்துவிட்டால் யாரிடம் சொல்வது என்பதும் முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

'கூட்டிட்டு வருவேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள் என்றேன் அல்லவா? அதற்கு இங்கே ஒரு விலக்கு. "ஏக்கமா இருந்தா சார்கிட்ட சொல்லு, கடிதம் எழுது, நாலு நாள் தாங்கிப் பாரு. ஆனா யாராச்சும் உன்னைத் தொட்டா, அடிச்சா, 'வீட்ல சொல்லாதே'ன்னா, அந்த நிமிஷமே சொல்லு. ராத்திரி ரெண்டு மணின்னாலும் வருவோம்." இதைப் பிள்ளையிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. மனப்பாடமாகத் தெரியட்டும்.

எல்லாம் சரியாக இருந்தும், ஒத்திகையும் பார்த்தும், பிள்ளை 'இந்த வருஷம் வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த வருஷமும் முகாம் வரும்.

நம் பையன் பிப்ரவரி முதல் வாரத்தில் திரும்பி வந்தான். கழுத்தில் வேறு மாநிலப் பையன் ஒருவனுடைய ஸ்கார்ஃப். மாற்றிக்கொண்டார்களாம். ஏழு இரவில் ஓர் இரவு நனைந்திருக்கிறது. ஆசிரியர் எழுப்பி, போர்வையை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம். "எங்க கூடாரத்துலயே இன்னொருத்தனும் உண்டுங்க சார்" என்று ரகசியமாகச் சொன்னான். யாரென்று நான் கேட்கவில்லை. முதல் நாள் ராத்திரி அழுதாயா என்று கேட்டேன். "கொஞ்சூண்டு. போர்வைக்குள்ள."

அடுத்த வாரமே தைப்பூசம். பழனிப் பயணத்துக்கு வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை அம்மா எழுப்பவேண்டாமாம், கைக்கடிகாரத்தில் அலாரம் வைக்கக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். அலாரம் அடித்தால் பக்கத்தில் படுத்திருக்கிற அப்பாருதான் முதலில் எழுந்துவிடுகிறார் என்று பிறகு தெரிந்தது.